மேரிகோல்ட் வைத்த விளக்கு

லியோனி டிராஸ்க்கை எனக்கு பெட்ஷீட் வழியாகத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் கடலோரத்தில், சுற்றுலா வருபவர்கள் தங்கும் கேரவன் பூங்காவின் சலவைக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். பெரிய பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்ப்போம். அதற்குப் பேச்சு தேவையில்லை. இயந்திரங்கள் போடும் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அவளுக்கு அது வசதி. எனக்கும்தான்.

அவளுக்குத் திக்குவாய். உதடு சேர்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் இருப்பவர் பொறுக்காமல் அவளுக்காக வார்த்தையை முடித்துவைப்பார், பாதி நேரம் தப்பான வார்த்தையை. பேக்கரியில் அவளுக்குப் பிடித்தது கறி அடைத்த மீட் பை. கேட்க வாய் வராது என்று வருஷக்கணக்காக சாஸேஜ் ரோல் வாங்கித் தின்கிறாள்.

எங்கள் மேற்பார்வையாளர் ரேலீன் கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. "லியோனி, நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள இந்தத் துணியெல்லாம் தானா காஞ்சிடும்டி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். லியோனியும் சிரிப்பாள், கண் மட்டும் கதவைப் பார்க்கும்.

அதே பூங்காவில் என் கேபினுக்கு அடுத்த கேபின் அவளுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் நான் மேரிகோல்டைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில், இணையத்தில் பலரும் கூடி விளையாடும் ஒரு உலகம்; அதில் ஒரு மரப்பாலம், அதன் நுனியில் நடன மண்டபம். அங்கே சிவந்த கூந்தலும் பச்சை கவுனுமாக உயரமான ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். யார் என்ன பேசினாலும் அது எழுத்தாக அவரவர் தலைக்கு மேல் தோன்றியது. தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் சொன்னான்:

"மேரிகோல்ட், நேத்து நீ சுத்தின சுத்துல என் மீசையே உதிர்ந்துபோச்சு."

"அது மீசையா? நான் கடல் பாசின்னு நினைச்சு துடைச்சுவிட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லியோனி திரும்பிப் பார்த்தாள். விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. "நா... நான்தான் அது" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் சலவைக்கூடத்தில் கண்டதில்லை.

தொப்பிக்காரன் பெயர் கேப்டன் பிப். அந்த உலகத்துத் துறைமுகத்தில் படகு ஓட்டி, ஆட்களை மண்டபத்துக்கு அழைத்துவருவான். ஐந்தாறு வருஷமாக லியோனியோடு தினமும் பேச்சு. நேரில் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்பது அங்கே பெரிய மரியாதைக்குறைவு. "வெளியே யார்னு கேட்கறவங்களுக்குப் பாட்டு கிடையாது" என்று மண்டப வாசலில் பலகையே மாட்டியிருந்தது. மாட்டியவள் மேரிகோல்ட்.

இன்னொரு வழக்கமும் அவள் தொடங்கியதுதான். கம்ப்யூட்டரை அணைக்காமல் ஆள் எழுந்துபோனால், அங்கே அவருடைய உருவம் நின்றபடி தலையைத் தொங்கப்போட்டுவிடும். அப்படி நிற்பவரை யாரும் இடிக்கக்கூடாது, எழுப்பக்கூடாது. காலடியில் ஒரு சின்ன விளக்கை வைத்துவிட்டுப் போகவேண்டும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ நிதானமாக வா என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் அவள் உள்ளே போய்விடுவாள். ஃபிரிட்ஜில் பால் திரிந்து கிடக்கும். அக்கா பிறந்தநாள் மறந்துபோகும். முழங்கால் வீக்கத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். "இன்னிக்கு நடந்தியா?" என்று கேட்டால், "மே... மேரிகோல்ட் நடந்துட்டா" என்பாள். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கால்கள் வாரத்துக்கு வாரம் தடித்தன.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, பெட்ஷீட் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அவள் அப்படி இழுத்தாள். மறுநாளும் அப்படியே. முனை சேரவில்லை, மடிப்பு கோணியது. மூன்றாவது நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கேபினுக்கு இழுத்துப்போனாள்.

திரையில் கேப்டன் பிப் படகுத்துறையில் தலை தொங்க நின்றான். அவனைச் சுற்றி விளக்குகள். காலடியில், படியில், கயிறு கட்டும் கட்டை மேல், தண்ணீர் ஓரம்வரை விளக்கு. வந்தவர் போனவர் எல்லாரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். யாரும் தட்டிக் கேட்கவில்லை. முதல் விளக்கை வைத்தவள் அவளேதான். வைத்துவிட்டு, பக்கத்திலேயே மூன்று நாள் ஆடியும் இருக்கிறாள்.

"அவன் ஒருநாளும் இப்படி விட்டுட்டுப் போனதில்ல" என்று காகிதத்தில் எழுதினாள். நீளமாகச் சொல்லவேண்டியதை அவள் எழுதித்தான் காட்டுவாள். "தனியா இருக்கான்னு நினைக்கறேன். கீழ விழுந்து கிடந்தா?" அடுத்த வரியில் பேனா காகிதத்தைக் கிழித்தது. "நான் ஆடிக்கிட்டிருந்திருக்கேன்."

அவள் எதையும் கேட்டதில்லைதான், ஆனால் அவன் சிந்தியதையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தாள். சிப்பி சீசன் வந்தால் ஊரே நாறும் என்பான். அவனுக்கு வெளிச்சம் இங்கேயைவிட முன்னாலேயே போய்விடும். ஜன்னலுக்குக் கீழே மீன் வறுக்கும் கடை, திரைச்சீலையெல்லாம் எண்ணெய் வாசம். நியூசிலாந்தின் தென்கோடியில், சிப்பிக்குப் பேர்போன பிளஃப் என்று ஒரு ஊர் இருக்கிறது. வரைபடத்தில் அந்த ஊரில் துறைமுகத்தைப் பார்த்த மாடிக்குக் கீழே மீன் கடை இருந்தது ஒரே இடத்தில். கடையின் போன் நம்பரும் அதிலேயே இருந்தது. நம்பர் இரண்டு நாளாக அவள் கையில் இருந்தது. போன் செய்யத்தான் முடியவில்லை. போன் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும்.

"குடு, நான் பேசறேன்" என்றேன். எனக்கும் போன் ஆகாது. சலவைக்கூடத்துக்குத் திரும்பினோம். இயந்திரங்கள் நின்றிருந்த நேரம், மடிக்கும் மேஜையில் அவள் போனை வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டோம். ரேலீன் சாண்ட்விச்சோடு வந்து நின்றாள்.

"உங்க மாடியில... பிப்புன்னு ஒருத்தர்... கேப்டன்..." என்றேன்.

"என்னது?" என்றது ஒரு பெண் குரல். "பிப்பா? கேப்டனா? எந்தக் கப்பலுக்கு? கடையில கூட்டமா இருக்கற நேரத்துல வேற வேலை இல்லையாம்மா உனக்கு?" வைத்துவிட்டாள்.

"நகரு, நான் பேசறேன். நான் கத்தினா அங்கவரைக்கும் போனே இல்லாம கேட்கும்" என்றாள் ரேலீன். லியோனி அவள் கையைத் தள்ளிவிட்டு, தானே நம்பரைத் தட்டினாள்.

"மீன் கடை, சொல்லுங்க."

லியோனியின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"ஹலோ? மறுபடியுமா? ஸ்கூல் பசங்களாடா நீங்க?"

"வை... வைக்காதீங்க." கழுத்து நரம்பு புடைத்தது. "மா... மா... மாடி. மாடில ஒரு ஆள். செத்... செத்துக் கிடக்கறான்னு நி... நினைக்கறேன்."

அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாடியில டெஸ் ஒருத்தன்தான் இருக்கான்" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அவன் செத்துட்டான்னா, இங்க நின்னு மீன்மேல ஊத்தி ஊத்தி என் வினிகர் பாட்டிலைக் காலி பண்றது யாரு? ஏய் டெஸ், இங்க வா. உனக்குத்தான் போன். நீ செத்துட்டேன்னு யாரோ அழறாங்க."

ரேலீன் சிரிக்கப் போய், லியோனி முகத்தைப் பார்த்து சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டாள்.

"ஹலோ?" வயதான குரல், மூச்சு வாங்கியது. "யாருங்க?"

"ம..." என்றாள் லியோனி. உதடு ஒட்டிக்கொண்டது. "ம... ம..."

அவன் வைக்கவில்லை. அவளுக்காக எந்த வார்த்தையையும் முடித்தும் வைக்கவில்லை. அங்கே ஒரு கடல்காகம் கத்தியது.

"ம..."

வெகு நேரம் கழித்து, "மேரிகோல்ட்?" என்றான் தாழ்ந்த குரலில்.

லியோனி போனை அணைத்துவிட்டாள். பிறகு ஒரு தலையணை உறையை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். "வி... வினிகர்!" என்றாள். "நா... நான் இங்க விளக்கு வெச்சிட்டு... அ... அவன் அங்க வினிகர்!"

சாயங்காலம் என்னைக் கூடவே வரச் சொன்னாள். திரையில் பிப் தலையை நிமிர்த்தியிருந்தான். விளக்குகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு விளக்கா?" என்றது தலைக்கு மேல் எழுத்து. "மன்னிச்சிடு. சிப்பிப் படகுல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. சமையல் வேலைதான். வெளிய நல்லா இருக்கு. உன்கிட்ட சொல்லிட்டுப் போக தைரியம் வரல. கம்ப்யூட்டரை அணைச்சா பிப் உன் கண் முன்னாடியே மறைஞ்சுடுவான். அதான் அப்படியே நிக்க விட்டுட்டுப் போயிட்டேன்."

லியோனியின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே தூக்கியபடி நின்றன. ஒரு எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள், அழித்தாள். அங்கே அவள் திக்கி நான் பார்த்தது அன்றுதான்.

"நீ இப்படித்தான் பேசுவேன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டான் அவன்.

"நீ கேட்கல."

"கேட்கக்கூடாதுன்னு பலகை மாட்டினது யாரு?"

லியோனி விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள். அவன் மறைந்தான். இந்த முறை முழுசாக. விளக்குகள் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி எரிந்தன.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரை முன் உட்காருவாள், எழுந்துவந்து என் கதவைத் தட்டுவாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப்போவாள். முழங்கால் வலியோடு கடற்கரைவரை நடந்துவிட்டு, மண்டபத்தில் யாராவது தலை தொங்கி நிற்பார்களோ என்று பாதியில் ஓடிவருவாள். அங்கே இப்போது அவளுக்குக் கெட்ட பெயர். யார் தலை தொங்கினாலும் உடனே போய் இடிக்கிறாள். "ஏய், உயிரோட இருக்கியா? உன் தெருவுல யாரைக் கூப்பிடணும், சொல்லு" என்று கேட்கிறாள். கோபித்துக்கொண்டு பாதிப் பேர் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். வாசல் பலகையை அவளே கழற்றிவிட்டாள்.

போன வியாழக்கிழமை பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தபோது மேஜையில் அவள் போன் அதிர்ந்தது. நியூசிலாந்து நம்பர். அதற்கு முன்பும் அதே நம்பரிலிருந்து வந்ததையெல்லாம் அவள் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள்.

"எடுத்துத் தொலையேன்டி" என்றாள் ரேலீன். "மிஷினை வேணும்னா நிறுத்தறேன்." சொன்னவள் போய் நிறுத்தியும் விட்டாள்.

லியோனி தன் இரண்டு முனைகளையும் என் கையில் திணித்தாள். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஹ..." என்றாள். "ஹ..."

நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். யாரும் எதையும் முடித்துவைக்கவில்லை. அந்தப் பக்கமும் போனை வைக்கவில்லை போலிருந்தது, அவள் தோள் இன்னும் முயன்றுகொண்டிருந்தது.