மிதிக்கச் சொன்னேன்

கால் யார் மேல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என் மகள். நான்தான் பழக்கினேன். சின்ன வயதில் புத்தகத்தின் மேல் கால் பட்டாலும் மனிதர் மேல் பட்டாலும் அவள் முதுகில் ஒன்று வைத்துவிடுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது.

போன வருடம் சென்னையில் கல்லூரியில் சேர்ந்து, தினமும் மின்சார ரயிலில் போய்வரத் தொடங்கினாள். மூன்றாவது வாரம், கூட்டத்தில் ஒருத்தன் வேண்டுமென்றே அவள் காலை மிதித்தபடி மேலே சாய்ந்து நின்றிருக்கிறான். இவள் காலை உருவியபோது அவன் மேல் பட்டுவிட்டதாம். அவனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "நான் காலேஜ் போலம்மா. தபால்ல படிச்சுக்கறேன்" என்றாள்.

"மிதிச்சவனையே கும்பிட்டியாடி?" என்று கத்தினேன். அவனை நினைத்தால் வயிறு எரிந்தது. என்னை நினைத்தால் இன்னும் எரிந்தது.

கடைக்குப் பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அரக்கோணத்துப் பாய் வீட்டுப் பிள்ளை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சென்னையில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்கிற, கட்டிப்புரளும் சண்டையைக் கற்றவர். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபத்தில் பந்திக் கூடம் சும்மா கிடக்கிறது என்று ஞாயிறு காலையில் தடித்த பாய் விரித்து வகுப்பு ஆரம்பித்திருந்தார். சேர்ந்தது சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பேர்தான். என் மகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"பாப்பாவ சேத்துக்கறேங்க. ஆனா ஜோடி வேணுமே அக்கா, பொம்பளைங்க யாரும் இல்லீங்களே."

"ஏன், நான் இல்ல?" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"நாப்பத்திநாலு வயசுல குஸ்தியா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கடையை அவர்தான் பார்க்க வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது.

மகளிடம் பேரம் பேசினேன். நாலு ஞாயிறு வர வேண்டும். அதுவரை அப்பா ரயிலில் கூட வருவார். அப்புறமும் கல்லூரி வேண்டாம் என்றால் நானே போய் டி.சி. வாங்கித் தருகிறேன்.

"சத்தியமா?"

"ஆங், மலை மேல இருக்கறவன் மேல சத்தியம்."

முதல் நாள் மெட்டியைக் கழற்றச் சொன்னார். சோப்பு போட்டுத்தான் வந்தது. பாடம் இதுதான்: ஒருத்தி மல்லாந்து படுக்க, இன்னொருத்தி மேலே வந்து அழுத்த வேண்டும். படுத்திருப்பவள் பாதத்தை மேலே இருப்பவளின் இடுப்பில் ஊன்றித் தள்ளிவிட்டு எழ வேண்டும். நான் படுத்தபோது கூச்சமே இல்லாமல் மகளை உதைத்துத் தள்ளினேன். அவள் முறை வந்தது. பாதத்தை என் இடுப்பில் வைத்தாள், பதறி எடுத்தாள், என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் நான் அவள் வயிற்றின் மேல் உட்கார்ந்தாயிற்று.

"பாப்பா, கும்பிட்டுகினே இருந்தா எப்படி? கால எடுக்காத" என்றார் மெக்கானிக்.

மூன்று ஞாயிறும் இதே கூத்து. ஆலைக்காரர்கள் பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மகளோ நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்திருக்கிறேனே!

நாலாவது ஞாயிறு, வெளியே காவடிக்காரர்களின் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. நான் முழு எடையையும் அவள் மேல் போட்டேன்.

"அவன் இப்படித்தான் சாஞ்சானா?"

அவள் முகம் சிவந்தது. "எழுந்திரும்மா."

"மாட்டேன். கும்பிடுன்னு அடிச்சு அடிச்சுப் பழக்கினவ நான். தப்பு என்னுது. இப்ப நானே சொல்றேன், மிதிடி!"

இடுப்பில் பாதம் ஊன்றியது. அடுத்த நொடி நான் பாயைத் தாண்டி, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் போய் விழுந்தேன். எழுந்து நின்றவள் பழக்கத்தில் குனிந்தாள். கை பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வாம்மா, இன்னொரு வாட்டி."

இடுப்பு விண்ணென்று தெறித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அவள் பிறந்தபோதுகூட வந்ததில்லை.

திங்கட்கிழமை ரயிலில் துணைக்குப் போக அவள் அப்பா சட்டையை மாட்டினார். "நீ வேணாம் நைனா, நானே போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டு மகள் கிளம்பிவிட்டாள். அன்று கடையில் எத்தனை பேருக்குத் தேங்காய் வைக்காமல் தட்டைக் கொடுத்தேனோ தெரியாது. சாயங்காலம் வந்தவள் பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னிக்கும் ஒருத்தன் கால மிதிச்சுகினு நின்னாம்மா."

"கும்பிட்டியா?"

"'கால எடுங்க'ன்னு சத்தமா சொன்னேன். பெட்டியே திரும்பிப் பாத்துச்சு" என்றாள். "அவன்தாம்மா சாரி சொன்னான்."