நின்ற வண்டியில் ஓடிய எஞ்சின்

பெரியவள் கல்யாணமாகிப் போய், சின்னவனும் வேலைக்கென்று ஓசூருக்குப் போன பிறகு நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். என் கணவருக்குச் சர்க்கரை நோய். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதற்கு முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். காலையில் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், வெறும் டீயைக் குடித்துவிட்டு "ஆச்சு, ஆச்சு" என்பார். ஒருமுறை நாமக்கல் பக்கம் மயங்கி விழுந்தார். அதோடு ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமுமாக நான் அவர் பக்கத்து சீட்டுக்கு வந்துவிட்டேன்.

லாரி வாழ்க்கையில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அரியமங்கலத்தில் இரும்பு வேலை செய்யும் பட்டறைகளில் எங்களுக்கு லோடு கிடைக்கும். விடிந்ததும் போய்ப் பட்டறைக்கு முன்னாலுள்ள மைதானத்தில் வரிசையில் நின்றால், சாயங்காலம் ஏற்றுவார்கள். ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியவர் பகலில்தான் தூங்கியாக வேண்டும். சித்திரை வெயிலில் கேபின் அடுப்பாகக் கொதிக்கும். அதனால் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். மைதானம் முழுக்க நிற்கிற வண்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும். டீசல் புகையில் கண் எரியும். ஈரத் துண்டைக் கொடியில் போட்டால் காய்வதற்குள் கறுப்பாகிவிடும்.

எங்களைப் போலவே சொந்த வண்டி வைத்து ஓட்டிய ஒருவர் அங்கே பழக்கமானார். உறையூர்க்காரர், என் கணவரைவிடப் பத்து வயது இளையவர். அவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். நான் தயிர்சாதம் பிசைந்தால் அவருக்கும் ஒரு டப்பாவில் எடுத்து வைப்பேன். டப்பாவைக் கழுவித்தான் திருப்பித் தருவார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அந்த வருஷம் என் கணவருக்கு பேட்டரி ஏசி மேல் ஒரு ஆசை வந்திருந்தது. கூரையில் மாட்டுகிற ஏசி அது. கேபினுக்குப் பின்னால் அதற்கென்று தனி பேட்டரிகள் வைப்பார்கள். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொள்ளும். நின்ற பிறகு எஞ்சினை அணைத்துவிட்டாலும் ஏசி ஓடும். யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து உறையூர்க்காரரிடம் சொன்னார்.

"அதெல்லாம் வேண்டாண்ணே. மூணு மணி நேரம் ஓடிட்டு நின்னுடும். அப்புறம் வேர்த்து விறுவிறுத்துத்தான் எந்திரிக்கணும். எஞ்சின் இருக்குறப்ப எதுக்கு இன்னொரு தண்டச் செலவு?"

"சும்மா நிக்கிறதுக்கு எவ்ளோ டீசல் போவுது, பாத்தியா?"

"தூக்கம் கெட்டு எங்கயாவது இடிச்சா அதைவிட அதிகமா போவும்ணே."

என் கணவரும் விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க உறையூர்க்காரர் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்கிற வெயிலுக்கு யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? மோர் குடியுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்குப் போனேன். நிழலுக்காக, எங்கள் வண்டிக்குப் பக்கத்திலிருந்த ஒரு தகரக் கொட்டகைக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். எழுந்திருக்கவில்லை. படிமேல் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார். நல்ல தூக்கத்தில் இருப்பவரைப் போல முகம் அமைதியாக இருந்தது. ஆனால் வாயோரம் வாந்தி வழிந்து காய்ந்திருந்தது.

நான் கத்திய சத்தத்தில் என் கணவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. வீல் ஸ்பானரால் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் திறந்தார். முதலில் எஞ்சினை அணைத்தார். பிறகு நான் காலைப் பிடிக்க, அவர் தோளைப் பிடிக்க, இன்னும் இரண்டு டிரைவர்கள் கீழே நின்று வாங்கிக்கொள்ள, வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வருகிற வரை என் கணவர் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, "தம்பி, கண்ணத் திற. தம்பி, இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். எஞ்சின் புகையில் இருக்கிற விஷவாயு ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "அதுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாதுங்க. தூக்கத்துலயே ஆளக் கொன்னுடும். கொஞ்சம் தாமதமாயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பிறகு ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். கேபினுக்கு அடியில் சைலன்சர் குழாய் இணைப்பில் விட்டுப்போயிருந்தது. கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரும் கிழிந்திருந்தது. கொட்டகைக்குள் தேங்கிய புகை அந்த ஓட்டை வழியாகத்தான் கேபினுக்குள் ஏறியிருக்கிறது.

மறுநாள் என் கணவர் மைதானத்தில் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கதவைத் தட்டினார். நடந்ததைச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொன்னார். இவர் பேசி முடிக்கும் முன்பே ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். இன்னொருவர், "அணைச்சிட்டு இந்த வெயில்ல நீங்க வந்து விசிறி விடுவீங்களா?" என்று கேட்டார். அந்தக் கொட்டகையில்கூட வேறொரு வண்டி அதேபோல ஓடிக்கொண்டு நின்றது.

உறையூர்க்காரரின் மனைவி ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, நீங்க பக்கத்து வண்டியிலதான இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"ஒரு சத்தம் கூடக் கேக்கலையா?"

அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியும் ஏற்றியிருந்தது, எது கேட்டிருக்கும்? அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட என் கணவர் சம்மதிக்கவே இல்லை. எங்கள் வண்டியில் ஓட்டை ஒன்றுமில்லை என்று மெக்கானிக் சொல்லியும் கேட்கவில்லை. கதவுகளைத் திறந்து வைத்து, மார்பில் ஈரத் துண்டைப் போட்டுப் படுப்பார். ஈ மொய்க்கும். முதுகெல்லாம் வேர்க்குரு. கண்ணை மூடியிருப்பாரே தவிர தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் கரூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. முக்கொம்பு நெருங்கும்போது வண்டி மெல்ல இடப்பக்கம், ஆற்றுப் பக்கமாக ஒதுங்கியது. எதற்கோ வழி விடுகிறார் என்று நினைத்தேன். சாலையோரக் கல் ஒன்று டயரில் பட்டு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் அவர் தலை தொங்கியிருந்தது.

"ஏங்க!"

பிரேக்கை மிதித்தார். வண்டி சரிவின் விளிம்பில் நின்றது. இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, "ஓட்டுனாலும் பயம், நிறுத்துனாலும் பயமா இருக்கும்மா" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

அந்த மாதமே பேட்டரி ஏசி மாட்டினோம். முதல் நாள் மதியம் எஞ்சினை அணைத்ததும் கேபினில் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. குளிர்ந்தது. ஆனாலும் அவர் புரண்டு புரண்டு படுத்தார். "உறுமல் கேட்டே பழகிப்போச்சு. இது என்னமோ வெறிச்சுன்னு இருக்கு" என்றார். பிறகு தூங்கினார். நான் தூங்கவில்லை. அவர் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். உறையூர்க்காரர் சொன்னதிலும் உண்மை இருந்தது. வரிசை நீண்டுபோகிற நாட்களில் லோடு ஏறும் முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு மீதி நேரத்தை வேர்வையில் ஓட்டுவோம்.

உறையூர்க்காரர் உயிர் பிழைத்தார். ஆனால் பழைய ஆளாக எழுந்து வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. பக்கத்துத் தெருக் கடைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பார். வண்டியை விற்றுவிட்டார்கள். விற்ற அன்று தன் வண்டி எங்கே என்று மூன்று தடவை கேட்டாராம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி அவரை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் வண்டி நின்றிருந்தது. பார்க்க வேண்டும் என்றார். என் கணவர் கைகொடுத்து ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

"எஞ்சின் ஓடலையேண்ணே. எப்படிக் காத்து வருது?"

என் கணவர் தனி பேட்டரியைப் பற்றிச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும், "எஞ்சின் ஓடலையேண்ணே" என்றார். என் கணவர் அதையே, முதல் தடவை சொல்வது போல, நிதானமாகத் திரும்பச் சொன்னார்.

குளிர் வெளியே போகிறதே என்று நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"சாத்தாதீங்க அண்ணி."

வேறு எதுவும் மறந்துபோயிருக்கலாம். அதை மட்டும் அவர் உடம்பு மறக்கவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன். என் கணவர் இறங்கிப் போய் அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேட்டரி தீருகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.