எங்கள் வீட்டு இலவசக் கரண்ட்

சிக்கனத்தில் எங்கள் தெருவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். ரொம்ப நாளைக்கு முந்தி இல்லை, போன வருஷம் வரைக்கும். மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் பேச்சு முடிந்ததும் யாராவது ஒருத்தி, "வர்ற சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாப் போவுதுக்கா, நீங்க மட்டும் எப்பிடித்தான் சமாளிக்கிறீங்களோ" என்று ஆரம்பிப்பாள். அது போதும், எனக்குத் தலைகால் புரியாது.

ரேஷன் அரிசியை மட்டமாக நினைக்காதீர்கள் என்பேன். ஊறவைக்கும்போது ஒரு பிடி அவலும் கொஞ்சம் வெந்தயமும் கூடப் போட்டால் கடை இட்லி தோற்றுவிடும். காய் வாங்கக் காலையில் போகாதீர்கள், கடையை எடுத்துக் கட்டுகிற நேரத்துக்குப் போங்கள், மிச்சத்தைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் நமக்குத்தான் டிக்கெட் இல்லையே, வேலூருக்கு நேர் பஸ்ஸில் ஏன் ஏற வேண்டும்? கண்ணமங்கலத்தில் இறங்கி மாறிப் போனால் ஆயிற்று. நேரம்தானே கூட ஆகும், நேரத்துக்கு யார் காசு கேட்கிறார்கள்? பற்பசை டியூபைக் கத்தரித்துத் திறந்தால் உள்ளே ஒரு வாரத்துக்கு இருக்கும். இதையெல்லாம் வாட்ஸப் குரூப்பில் குரலாகவும் பேசி அனுப்புவேன். என் வீட்டுக்காரர், "டெல்லியில ஆள் தேடிகினு இருக்காங்களாம், பட்ஜெட் போட. போய்ட்டு வா" என்று கிண்டல் செய்வார். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

நான் சொன்ன யோசனை ஒன்றும் பொய் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் செலவு அடங்கிக் கிடந்ததற்கு உண்மையான காரணத்தை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இலவசம்.

கைத்தறி ஓடுகிற வீட்டுக்கு இத்தனை யூனிட் வரை காசு இல்லை என்று அரசாங்கம் கொடுக்கிற சலுகை அது. என் மாமனார் பட்டுத்தறி நெய்தவர். அவர் இருக்கும்போது எழுதிப்போட்டு வாங்கியது. அவர் போனபிறகு எங்கள் தறியில் உட்கார ஆள் இல்லை. வீட்டுக்காரர் டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறார். நான் சந்தவாசல் பக்கத்து வயற்காட்டில் வளர்ந்தவள், குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவை எந்தக் கையால் தள்ளுவது என்றுகூடத் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் அப்போதே ஆபீசில் போய், எங்கள் வீட்டில் தறி நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார் வீட்டுக்காரர். அவர் அதோடு விட்டார். நான் விடவில்லை. சும்மா வருகிற கரண்டை ஏன் வீணாக்க வேண்டும் என்று குளிக்க ஹீட்டர் வாங்கினேன், சமைக்க இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன், சோற்றுக்கு ரைஸ் குக்கர். கேஸ் சிலிண்டர் மூலையில் உட்கார்ந்து தூசி படிந்தது. மீட்டர் எந்த எண்ணில் வரும்போது எதை அணைக்க வேண்டும், இலவச எல்லையைத் தாண்டாமல் எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

தறியை மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால் சலுகை போய்விடும். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது நின்றது, மாமனார் காலத்தில் நீளவாக்கில் கட்டி மீந்த ஒரு துண்டுப் பாவு இழைகளோடு. மழை நாளில் அதன்மேல் துணி உலர்த்துவோம். நெய்பவர் காலை விட்டு உட்காருகிற தறிக்குழி இருக்கிறதே, அது நல்ல குளிர்ச்சி. அதில் வெங்காயத்தைக் கொட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இந்த யோசனையையும் குழுவில் சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன்.

வீட்டின் பின்பக்கப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தோம். அங்கே இருந்தவள் என்னைவிடச் சின்னவள். அவள் கணவர் சென்னைப் பக்கம் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்விட்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவள் ஒரு வியாபாரியிடம் பாவும் பட்டும் வாங்கி வீட்டிலேயே நெய்தாள். அதாவது எங்கள் கூரைக்கு அடியில் உண்மையாக ஓடிய தறி அவளுடையது. அவள் போர்ஷனுக்குக் கரண்ட் எங்கள் லைனிலிருந்துதான் போனது. நடுவில் ஒரு சின்ன மீட்டர் வைத்து, மாதம் பிறந்தால் ரீடிங் பார்த்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவளிடம் வாங்கிவிடுவேன். ஊரில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், ரேட்டும் அதேதான். நெசவுக்கென்று சும்மா வந்த கரண்டை நெய்கிறவளிடமே நான் விற்றிருக்கிறேன் என்று இப்போது எழுதும்போது உடம்பு கூசுகிறது. அப்போது கூசவில்லை.

குடிவந்த புதிதில் அவள் ஒருதரம் கேட்டாள். "அக்கா, நான் தனியா ஒரு மீட்டர் வச்சிக்கிறேங்க. ஓனர் சம்மதம்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா, நானும் ஃப்ரீ கரண்டுக்கு எழுதிப் போட்டுடுவேன்."

"பாக்கலாம்மா," என்றேன். பார்க்கவில்லை. அவளுக்கு மீட்டர் வைக்க ஆபீஸ்காரர்கள் வந்தால் எங்கள் கூடத்துத் தறியையும் பார்ப்பார்களே என்ற பயம். மாதாமாதம் வருகிறது நின்றுவிடுமே என்ற எண்ணமும் இருந்தது, அதை மறைப்பானேன்? அவள் மறுபடியும் கேட்கவில்லை.

அவள் விடிந்ததும் பின்கதவை விரியத் திறந்துவைத்து, வருகிற வெளிச்சத்தில் நெய்வாள். ஃபேன் உச்சி வெயிலில் மட்டும். லைட் போடவே மாட்டாள். பொழுது சாய்ந்து இழை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எழுந்துவிடுவாள். மேகம் மூடிய நாளில் அரக்கும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரிகிறது என்று வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புடவை முடித்துக் கொடுக்கத் தாமதமானால் அந்த வியாபாரியிடம் பேச்சும் வாங்குவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுக் கூட்டத்தில் அவளை வைத்துக்கொண்டே, "எங்க வூட்டு பின்னால இருக்காளே, அவளப் பாத்து கத்துக்கோங்கடி. இன்னா சிக்கனம், இன்னா சிக்கனம்!" என்று மெச்சினேன். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். நான் சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆனாள் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு.

போன வருஷம் ஒரு நாள் காலையில் வாட்ஸப் குரூப்பில் ஒருத்தி அலறினாள். "கைத்தறி ஆபீஸ்லருந்து செக்கிங் வந்துகினு இருக்காங்க. தறி ஓடுதான்னு வூடு வூடா பாக்குறாங்களாம். நாளைக்கு நம்ம தெருவாம்." தறி ஓடாத வீட்டுக்குச் சலுகையை வெட்டிவிடுவார்கள், இதுவரை எரித்ததற்கும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள் என்று பேச்சு. ஹீட்டரைப் பார்த்தேன், இண்டக்ஷனைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "நீயே எதுனா பண்ணு, இங்க பேஜாரா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

பின்பக்கம் ஓடினேன். அவள் தறியில் இருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் எங்க தறியில வந்து ஒக்காந்து காட்டும்மா. ஆபீஸ்லருந்து யாரோ வராங்களாம். கேட்டா எங்க சின்ன நாத்தனார்னு சொல்லிடு."

ஏன், எதற்கு என்று கேட்பாள் என எதிர்பார்த்து ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "சரிங்க அக்கா," என்று நாடாவை வைத்துவிட்டு அப்போதே எழுந்து வந்தாள். நான் தறிக்குழியிலிருந்து வெங்காயத்தை முறத்தில் அள்ளி அள்ளிச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். அவள் தூசி தட்டினாள், கரப்பான் கடித்து அறுந்து கிடந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள், மிதிகட்டைக் கயிற்றை மாற்றினாள். "இன்னா அக்கா, குழி முழுக்க வெங்காயத் தோலா கீது!" என்று ஒருதரம் சிரித்தாள். அன்றைய பகல் முழுவதும் அவளுடைய தறி நின்றுவிட்டது. அவளுக்கு நான் கொடுத்தது ஒரு டம்ளர் காபி.

மறுநாள் வந்தது ஒரு இளவயது அதிகாரி அம்மா. கையில் டேப் வைத்திருந்தார். அவர் உள்ளே வரும்போதே தறி ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போகிற கதவை நான் முன்னாலேயே தாழ் போட்டு, அதன்மேல் ஒரு திரையும் தொங்கவிட்டிருந்தேன். அவர் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அத்தனை வருஷம் செத்துக் கிடந்த பாவில் அவள் விரற்கடை அகலத்துக்குத் துணியை ஏற்றியிருந்தாள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எவ்ளோ நீட்டா நெய்றீங்க!" என்று போட்டோ எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போகிறவர் போயிருக்கலாம். வாசல்வரை போய்த் திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, கரண்ட் உங்களுக்கு ஒழுங்கா ஃப்ரீயா கெடைக்குதா? காசு எதுனா கட்டச் சொல்றாங்களா? இருந்தா பயப்படாம சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நாடா நின்றது. எனக்கு அந்த நேரம் இருந்த கவலை என் சலுகை போய்விடுமே என்பதுதான், வேறொன்றும் இல்லை. அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெடைக்குதுங்க மேடம்," என்றாள். "ஒரு கொறையும் இல்லீங்க. ராத்திரில கூட லைட்டு போட்டுகினு நெய்வேன். ஃபேன் பாட்டுக்கு ஓடிகினு இருக்கும்."

கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னாலே போதும். லைட்டையும் ஃபேனையும் அவளாகத்தான் சேர்த்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, நாக்கில் தித்திப்பு பட்ட மாதிரி. "ராத்திரியெல்லாம் நெய்யாதீங்கம்மா, கண்ணு கெட்டுடும்," என்றார் அதிகாரி. "சரிங்க மேடம்," என்று அவளும் தலையாட்டினாள். எனக்கு முகம் எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சமையலறை வாசலில் தெரிந்த முறத்து வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா தெருத் திரும்பியதும் அவள் குழியிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். இரு, காபி போடுகிறேன் என்றேன். "வேணாங்க அக்கா, ஜல்தியா போகணும். வெளிச்சம் போறதுக்குள்ள கொஞ்சமாச்சும் நெய்யணும், ரெண்டு நாளா நின்னுபோச்சு," என்று போய்விட்டாள். சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தப்பிச்சோம்டி, கில்லாடி நீ!" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்னென்னவோ பேசிவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அவர் பாராட்டியது சரியாக என்னைத்தான் என்பதுதான் பொறுக்கவில்லை.

அதற்குப்பிறகு சில நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்பக்கம் போவதையே தவிர்த்தேன். குழுக் கூட்டத்தில் யோசனை கேட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஹீட்டர் போட்டுக் குளிக்கும்போதெல்லாம் அவள் சொன்ன அந்த லைட்டு, ஃபேன் பேச்சு காதில் விழுந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பேன். மீட்டர் வைக்க ஆள் வருவார்களே, நாத்தனார் எப்படிக் குடித்தனக்காரி ஆனாள் என்று கேட்பார்களே என்று விட்டுவிடுவேன். கடைசியில் ஒன்று முடிவு செய்தேன். கையெழுத்து முடியாது, போகட்டும். அவளிடம் கரண்டுக்குக் காசு வாங்குவதையாவது நிறுத்திவிடுவது.

மாதம் பிறந்தது. நான் ரீடிங் பார்க்கப் போகவில்லை. அவளே பார்த்து, சரியாகக் கணக்குப் போட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம்மா," என்றேன். "இனிமே கரண்டுக்கு நீ குடுக்க வேணாம். லைட்டு போட்டுக்கோ, ஃபேன் போட்டுக்கோ."

அவள் மகிழ்ந்துபோவாள், அதைப் பார்த்து என் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் சட்டென்று பயந்துபோனாள். பணத்தை என் கையில் திணிக்க வந்தாள்.

"ஐயோ, வேணாங்க அக்கா, வாங்கிக்குங்க. கரண்டு சும்மான்னு சொல்லிட்டு நாளைக்கு வாடகைய ஏத்திடுவீங்க. இதுன்னா லைட்ட அணைச்சா கொறையும். வாடகைய எங்கக்கா நான் கொறைக்கிறது?"

குத்திப் பேசவில்லை. கெஞ்சினாள். பணத்தை ஃப்ரிஜ்மேல் வைத்துவிட்டு, நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போனாள்.

அப்படியெல்லாம் ஏற்ற மாட்டேன் என்று அவள் பின்னாலேயே போய்ச் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. வேணாம்மா என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே, தை பிறந்ததும் வாடகையில் எவ்வளவு சேர்த்துக்கொண்டால் இது சரிக்கட்டும் என்று என் மனசு ஒரு பக்கம் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.