எவரிஸ்ட் இறக்கிய பெட்டி

ஆன்ஸ் லூயிஸ் துறைமுகத்தில் ஒரே ஒரு பளுதூக்கி இயந்திரம்தான். எவரிஸ்ட் அதை இயக்கினால் முட்டைக்கூடைகூட உடையாமல் இறங்கும். "புதுப்பொண்ணு நடக்குற மாதிரில்ல பெட்டி இறங்குது" என்று சுமைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் சிமென்ட் மூட்டைகளைத் தூக்கும்போது வடம் அறுந்தது. கீழே நின்றிருந்தவன் லியாண்டர். எவரிஸ்ட்டோடு ஒன்றாய்ப் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்த இடத்திலேயே போய்விட்டான்.

வடம் உப்பில் இற்றுப்போயிருந்தது, எவரிஸ்ட் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வாங்க அவன் போகவே இல்லை. கிடங்கு கூட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

லியாண்டரின் மனைவி க்ளோதில் துறைமுக வாசலில் மீன்சூப்பும் சுட்ட சீமைப்பலாவும் விற்று மகளை வளர்த்தாள். அவள் கண்ணில் படாமல் எவரிஸ்ட் பின்வேலி வழியாகவே வந்து போனான். பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

மகள் ஜோசெட் தாதி வேலைக்குக் குவாதலூப் தீவுக்குப் போனாள். போன இரண்டாம் வருடமே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வெங்காயம் ஏற்றிவரும் சிறு கப்பலில்தான் சவப்பெட்டி வந்து சேர்ந்தது.

அன்று அலை மோசம். பளுதூக்கியில் இருந்தவன் வேலைக்குப் புதிது. க்ளோதில் கறுப்பு உடையில் கிடங்குக்குள் வந்து நின்றாள்.

"அண்ணே, அவன் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கிறான். பிள்ளையை நீங்க இறக்கிக் குடுங்க."

"என்னால முடியாதும்மா. இந்தக் கையாலதான..."

"உங்க கை இல்ல, வடம். அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவ, பாத்துக்கிட்டுதான் நின்னேன்." கப்பல் பக்கம் பார்த்தாள். "அப்பவே சொல்லிருக்கணும். யார் மேலயாவது கோவம் இருந்தாத்தான் காலையில எந்திரிக்க முடிஞ்சுது."

எவரிஸ்ட் புது வடம் கேட்டு, முழம் முழமாகத் தடவிப் பார்த்தான். பிறகு பளுதூக்கியில் ஏறி உட்கார்ந்தான். பெட்டி கப்பலைவிட்டு எழுந்து, காற்றில் லேசாகத் திரும்பி, சத்தமில்லாமல் தரையில் அமர்ந்தது. சுமைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். க்ளோதில் பெட்டிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இறங்கக் கால் வரவில்லை. ஊர்வலம் மேடேறி மறையும்வரை அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதன்பின் அவன் அந்த இருக்கையில் ஏறவில்லை. க்ளோதில் கடையை விட்டுவிட்டு மலைமேல் தங்கை வீட்டோடு போய்விட்டாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எவரிஸ்ட் பஸ் ஏறி அங்கே போவான். விறகு பிளந்து போடுவான். அவள் கோகோ காய்ச்சித் தருவாள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. கடைசி பஸ்ஸுக்கு எழுந்துவிடுவான்.