கண்ணில் ஒற்றிய காகிதம்

ஹட்டனில் பேக்கரி, டிக்கோயாவில் லொறிக் கிளீனர், அதன் பிறகு லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் குடுவை கழுவும் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஏழாம் வகுப்போடு நின்ற எனக்குக் கூரை ஒழுகாத கட்டடத்தில் வேலை கிடைத்ததே பெரிது.

அங்கிருந்த இரசாயனவியலாளர் கண்டியிலிருந்து வந்த தமிழர். கொழுந்தில் எந்தெந்த அமினோ அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒவ்வொரு கொழுந்துப் பொடியின் சாற்றையும் தடித்த காகிதத்தின் அடியில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, ஒரு திரவத்தில் நிறுத்துவார். திரவம் மேலேறும்போது அமிலங்களையும் இழுத்துப்போய் வெவ்வேறு உயரத்தில் விட்டுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காகிதம் காய்ந்ததும் ஒரு மருந்து தெளிப்பார். அது தானாக ஒளிராது. அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் மட்டும், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும்.

பொடி அரைத்தது ஓர் அக்கா. சரிவில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனதால் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பியிருந்தார்கள். தற்காலிக வேலைதான். இங்கே வேண்டாமென்றால் அந்தக் காலோடு மறுபடி மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும்.

ஒருநாள் கொடியில் காய்ந்த காகிதம் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. வாளியோடு திரும்பிய என் கால் அதில் பட்டுவிட்டது. எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு மறுபடி மாட்டினேன். புத்தகத்தில் கால் பட்டால் செய்வதுதான். யோசித்துச் செய்யவில்லை.

மத்தியானம் இரசாயனவியலாளர் மருந்து தெளித்துவிட்டு, விளக்கைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். வழக்கமான புள்ளிகளுக்கு மேலே, அடுத்தடுத்த இரண்டு பொடிகளின் தடத்தில் இரண்டு பெரிய திட்டுகள் ஒளிர்ந்தன.

"இந்த ரெண்டுலயும் என்னமோ கலந்திருக்கு. அரைக்கிற பொம்பள கைய கழுவுறதில்ல போல. அடுத்த கிழமையிலருந்து தோட்டத்துக்கே போகச் சொல்லிரு."

திட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்காவின் வேலை போகும்.

"பொடியில ஒண்ணுமில்ல சார். அது என் கண்ணு."

"என்னது?"

"காகிதத்துல கால் பட்டிருச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

"அவளக் காப்பாத்த கதை விடுறியா?"

"புதுக் காகிதம் ஒண்ணு குடுங்க சார்."

கொடுத்தார். அதே மாதிரி ஒற்றிக் கொடுத்தேன். மருந்து தெளித்து விளக்கின் கீழ் வைத்தார். அதே இரண்டு திட்டுகள், அதே இடைவெளி. மனிதத் தோலின் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டாம். மருந்துக்குக் கொழுந்தும் ஒன்று, கண்ணிமையும் ஒன்று. அவர் விளக்கை அணைத்தார்.

"சரஸ்வதி பூசைக்குன்னு ஒரு நாள் இருக்கே. அன்னைக்கு மட்டும் கும்பிட்டா போதாதா ஒனக்கு?" என்றார்.

அக்கா தப்பினார். இனி காகிதத்தின் பக்கமே வரக்கூடாது என்று என்னை வெளியே விறகு பிளக்க அனுப்பினார்கள். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். உரலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"கீழ பாத்து நடக்கத் தெரியாதா தம்பி ஒங்களுக்கு?"

பிறகு கதவருகே கிடந்த சாக்கைக் காட்டினார்.

"வெளியில மழை விடல. போத்திக்கிட்டுப் போங்க."