வாலட்டின் குறைந்தபட்சம்

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இருக்கும் நாட்களில் போனில் அவரைப் பிடிக்க முடியாது. அப்படி ஒரு பயணத்துக்குக் கிளம்பும் முன்தான், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கிரிப்டோ என்ற இணையப் பணத்தை ஈட்டும் மைனிங் மெஷினை ஓடவிட்டுப் போனார். இரும்புச் சட்டத்தில் வரிசையாக கிராபிக்ஸ் கார்டுகள், விடாமல் இரையும் மின்விசிறிகள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். கரண்டு போயிட்டு வந்தா சுவிட்சைப் போடு, போதும்" என்றார்.

அது ஈட்டுவது உடனே கைக்கு வராது. பல ஊர் மெஷின்கள் சேர்ந்து உழைக்கும் 'பூல்' என்ற இணையதளத்தில் துளித்துளியாகச் சேரும். நாம் குறித்து வைத்த அளவைத் தொட்டதும், வேறொரு நிறுவனத்தில் நாம் வைத்திருக்கும் 'வாலட்' என்ற கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறை அனுப்பவும் கட்டணம் உண்டு என்பதால் அவர் அந்த அளவைக் கூடுதலாகவே வைத்திருந்தார்.

அவர் கப்பலேறிய பிறகு பூலிலிருந்து மெயில் வந்தது. மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். குறித்த அளவைத் தொடாத தொகை அதன் பிறகு கிடைக்காதாம்.

அவருக்கு அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக்தான் விழுந்தது. நானே அளவைக் குறைத்துவிடலாம் என்று பூலின் தளத்துக்குள் போனேன். ஏதோ தோன்றி, அதற்கு முன் வாலட்டின் விதிகளை வாசித்தேன். அங்கேயும் ஒரு குறைந்தபட்சம் இருந்தது. அதற்குக் கீழே வந்தால் கணக்கில் ஏறாது, திருப்பியும் தர மாட்டார்கள். எங்களுக்குச் சேர்ந்திருந்தது அதைவிடச் சற்றுக் குறைவு. வேறு வாலட்டுக்கு மாற்றினால் பாதுகாப்புக்காகச் சில நாள் எதையும் அனுப்ப மாட்டோம் என்றது பூல். அதற்குள் மாதம் முடிந்துவிடும். மெஷினை ஓட்டிக் குறையை நிரப்புவது ஒன்றே வழி.

மறுநாள் பெய்த மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. "சரி பண்ண ரெண்டு மூணு நாளாகும்மா" என்றார் லைன்மேன். மெஷினைப் போர்வைகளில் சுற்றி, ஆட்டோவில் வல்லத்திராக்கோட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பள்ளத்தில் ஆட்டோ இறங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி இது, கோழிக்கூண்டு மாதிரி?" என்றாள் அக்கா. "அங்கிட்டு மூட்டை கெடக்கு. இங்கிட்டு வையி."

"இது நிக்காம ஓடணும்க்கா. இங்க கரண்டு ஒழுங்கா இருக்குமா?"

"இருக்கும். நீ மொதல்ல சாப்புடு. மொகமே வெளிறிப் போயிருக்கு."

சோறு இறங்கவில்லை. என் போனிலிருந்தே அதற்கு இணையம் கொடுத்துவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மோட்டார் போடப் போனாள்.

"வேணாம்க்கா, வோல்டேஜ் எறங்கிரும்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

மறுநாள் பிற்பகல், தொகை வாலட்டின் குறைந்தபட்சத்தைத் தாண்டியது. பூலில் அதே அளவைக் குறித்துவிட்டு, 'சேமி'யை அழுத்தப் போன நேரத்தில் அனுப்பும் கட்டணம் நினைவுக்கு வந்தது. அதை இதிலிருந்துதானே கழிப்பார்கள்? கழித்தால் மறுபடி கீழே போய்விடும். சூடு பட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டேன்.

கட்டணத்துக்கும் அதற்கு மேல் கொஞ்சமும் சேரும் வரை மறுபடி காத்திருப்பு. சேர்ந்த பிறகே 'சேமி'யை அழுத்தினேன். 'அனுப்பப்படுகிறது' என்ற வரி வெகுநேரம் அசையாமல் நின்றது. முகவரியில் ஓர் எழுத்து தப்பியிருக்குமோ என்று திரும்பத் திரும்ப ஒப்பிட்டேன். வாலட்டில் தொகை ஏறியபோது அக்காவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். என்ன வந்தது, எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கப்பல் துறைமுகத்தைத் தொட்டதும் அவர் அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாடா! சரி, வேற பூல் ஒண்ணு சொல்றேன், அதுல மாத்தி விட்டுறியா?"

"நீங்க வந்து மாத்திக்கங்க. இனிமே என்னால முடியாதுங்க."

"ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.