மாப்பிள்ளை காருக்கு நான் தைத்த சீட்

கடைக்காரர் ஒன்றைத் தவறாக நினைத்துக்கொண்டு கேட்கும்போது, "இல்லைங்க" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. போன மாதம் சங்ககிரி ரோட்டில் ஒரு சீட் கடையில் அதுதான் நடந்தது.

என்னிடம் பழைய அம்பாசிடர் ஒன்று இருப்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். வெளியே பளபளப்பு. உள்ளே... பின் சீட்டில் ரெக்சின் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் பழைய கார் என்றால்தானே போட்டோ நன்றாக வருகிறது?

ஆனால் அக்காவின் பெரிய கவலை கார் இல்லை. மகன்தான். அப்பா வழியில் அவனுக்கு நல்ல உயரம். எங்கள் வழியில் கூச்சம். எனக்குக் கூச்சம் வந்தால் தரையைப் பார்ப்பேன். அவன் மேலே பார்ப்பான். நிச்சயத்தன்று பெண்ணின் தாய்மாமன் எதிரே வந்து நின்றபோது, இவன் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். கும்பிடவில்லை. மனிதர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இந்தத் திமிர் பிடித்த பையனுக்குத் தன் கையால் சீர் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் கல்யாணத்தில் எது நகரும்? பெண் வீட்டார் கெஞ்சிக் கூத்தாடி, மாப்பிள்ளை வரும்போது மண்டப வாசலில் வந்து நிற்பதற்கு மட்டும் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். பையன் அங்கே எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்துத்தான் மற்றதெல்லாம்.

சீட் கடைக்கு வருகிறேன். நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்கார பாய், "லாரிக்குத்தானுங்களே?" என்றார். அந்த ரோட்டில் லாரியைத் தவிர வேறு எதற்கு யார் சீட் கேட்கப்போகிறார்கள்? தலையாட்டிவிட்டேன்.

"டிரைவர் உசரமா உக்காந்தாத்தானுங்க ரோடு தெரியும். கெட்டியாவே போட்டுக்கோங்க" என்று, மெத்தை கனத்துக்கு ஒரு ஃபோமை எடுத்துப் போட்டார். தலையாட்டினேன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவரே தைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். வண்டியா? லாரிக்கு நான் எங்கே போவேன்?

"நானே தச்சுக்கறேனுங்க" என்றேன்.

அப்படித்தான் நான் சீட் தைப்பவனானேன்.

சீட்டைக் கழற்றினேன். அடியில் கடலைத் தொலி, கொண்டை ஊசி, நான்தான் தொலைத்தேன் என்று மனைவி அன்றுவரை சொல்லிக்கொண்டிருந்த எவர்சில்வர் ஸ்பூன். பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புது ரெக்சினை வெட்டினேன். வீட்டுத் தையல் மிஷினில் கொடுத்தால் ஊசி முறிந்தது. இன்னொன்றும் முறிந்தது. மூன்றாவதை மனைவி தரவில்லை. கோணி ஊசியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள் — ஏனுங்க, என்ன மூட்டை?

பழைய தேங்காய் நார் நன்றாகத்தான் இருந்தது. எதற்குத் தூக்கிப் போடுவது? அதன் மேலேயே பாயின் ஃபோமை வைத்தேன். உறை மூடவில்லை. மனைவி ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள, நான் உறையைச் சுற்றிலும் இழுத்துக் கம்பி வளையம் மாட்டினேன். பாதியில் அவளுக்குப் போன் வந்தது. எழுந்து போனாள். மாட்டியதெல்லாம் படபடவென்று தெறித்தது. மறுபடியும் ஏறினாள் — போனோடு.

முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஜம்மென்று இருந்தது. நாங்கள் இருவருமே குட்டை என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

அழைப்பு அன்று காலையில், ரெக்சின் மின்னட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு துடை துடைத்தேன்.

சாயங்காலம் மல்லசமுத்திரம். பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டினார்கள் — தலைப்பாகை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா மகனிடம் கெஞ்சினாள். "எறங்குனதும் அந்த மாமனைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுரு சாமி." அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "செரிம்மா" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளையின் முகத்தைக் காணோம். சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது.

"மாமா, கூரை இடிக்குது."

"பக்கந்தான் சாமி. பொறுத்துக்க."

பக்கம்தான். ஆனால் முன்னால் மேளக்காரர்கள் நின்று நின்று வாசித்தார்கள். அவன் உருமால் நசுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகவாய் நெஞ்சில் முட்ட, அந்த வழி முழுக்கக் குனிந்தே வந்தான்.

மண்டப வாசலில் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. பின்னால் பெண்ணின் அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். யாரோ கார் கதவைத் திறந்தார்கள்.

கழுத்து பிடித்துக்கொண்டதால் பையனால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே ஒரு காலை வெளியே வைத்தான். அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தன் வேலையைக் காட்டியது. உயரமான சீட்டிலிருந்து சர்ரென்று வழுக்கி, மண்டி போட்டு, நேராகத் தாய்மாமன் காலடியில் போய் விழுந்தான். உருமாலைப் பிடித்திருந்த இரண்டு கையும் அவர் பாதத்தில் இருந்தன.

மேளக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மனிதர் பதறிப்போய்க் குனிந்து அவனைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. "எந்திரி சாமி, எந்திரி" என்றவர், அக்கா பக்கம் திரும்பி, "பையனை நாந்தானுங்க தப்பா நெனச்சுப்போட்டேன்" என்றார். பையன் இன்னும் நிமிரவில்லை. அதைப் பார்த்து அவருக்கு மேலும் உருகிவிட்டது. சீரெல்லாம் அவர் கையால்தான் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டாவது ஜிலேபியை வைத்தவரும் அவர்தான்.

யோசித்துப் பார்த்தேன். பையன் நிச்சயத்தன்றும் இதே பையன்தான், அதே கூச்சம்தான். மேலே பார்த்தால் திமிர், கீழே பார்த்தால் பணிவு. நாமெல்லாம் மனிதர்களை எடை போடும் லட்சணம் இவ்வளவுதானா?

கல்யாணம் முடிந்ததும் சீட்டைப் பிரித்து நாரை எடுத்துவிடலாம் என்று கோணி ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன் செய்தான். மாமனார் வீட்டில் விருந்தாம். கார் வேண்டுமாம்.

"கழுத்து வலிக்குமேப்பா?"

"வலிச்சா வலிக்குது மாமா. நிமிந்துட்டே போனா அங்க யாருகிட்ட என்ன பேசறதுன்னே தெரீல."

சீட்டைப் பிரிக்கவில்லை. முன் சீட்டுக்கும் அதே ஃபோம் வாங்கலாம் என்று இருக்கிறேன், குட்டையான எனக்கும் கூரை இடிக்கிற மாதிரி இரண்டு அடுக்காக; விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். லாரிக்குத்தானே என்று பாய் கேட்பார்... தலையாட்டிவிடலாம்.